மனவல்லயம்: சொல் வராத நேரத்து ஜெபத்தின் வரலாறு

399ஆம் ஆண்டு, எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளுக்கு அலெக்சாந்திரியப் பேராயர் தியோபிலுஸின் மடல் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் தவக்காலமும் உயிர்ப்புப் பெருவிழாவும் எந்நாளில் வரும் என்பதை அறிவிக்க ஆண்டுதோறும் வரும் மடல்தான். இந்த முறை அதில் ஒரு கண்டனமும் சேர்ந்திருந்தது. கடவுளுக்கு மனித உருவம் உண்டென்று எண்ணுவது பிழை என்று பேராயர் எழுதியிருந்தார். ஸ்கேத்திஸில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். மனக்கண்ணில் ஒரு முகத்தை நிறுத்தி அதோடு பேசியே ஜெபித்துப் பழகியவர்கள். அங்கிருந்த நான்கு சபைகளில் மூன்றில் மடலை வாசிக்கவே விடவில்லை. பாப்னூத்தியுஸ் என்ற மூப்பரின் சபையில் மட்டும் அது வாசிக்கப்பட்டது.

அந்தச் சபையில் செராபியோன் என்ற முதிய துறவி இருந்தார். தவத்தில் அவருக்கு நிகரானவர் அரிது. கப்பதோக்கியாவிலிருந்து வந்திருந்த போத்தினுஸ் என்ற திருத்தொண்டர் வேத வசனங்களை விளக்கி, கடவுள் உருவமற்றவர் என்று அவருக்குப் புரியவைத்தார். முதியவர் ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. நன்றி சொல்லி ஜெபிக்க எழுந்து நின்றார்கள். செராபியோனால் முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக எந்த முகத்தைப் பார்த்துப் பேசினாரோ அது உள்ளத்தில் இல்லை. திடீரென்று தரையில் விழுந்து கதறினார். என் கடவுளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, இனி யாரைப் பற்றிக்கொள்வேன், யாரை வணங்குவேன் என்பதே அவர் அழுகையின் பொருள்.

இதை நமக்குச் சொல்பவர் யோவான் காசியான். அப்போது நண்பர் ஜெர்மானுஸோடு எகிப்தில் தங்கியிருந்த இளம் துறவி. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து, பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் நகரில் அமர்ந்து, பாலைவனத்து மூப்பர்களிடம் கேட்டவற்றை 24 உரையாடல்களாக எழுதினார். செராபியோனின் கதை பத்தாம் உரையாடலின் தொடக்கத்தில் வருகிறது. கிறிஸ்தவ ஜெப மரபில் மிகப் பெரிய செல்வாக்குப் பெற்ற ஓர் அறிவுரையும் அதே உரையாடலில்தான் இருக்கிறது. சங்கீதத்திலிருந்து எடுத்த ஒரே ஓர் அடியை இரவும் பகலும் விடாமல் சொல்லிக்கொண்டிரு என்பதே அது.

கோட்பாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முதற்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். தியான நூல்கள் எழுதுவோர் பிற்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் காசியான் ஏன் ஒரே உரையாடலில் வைத்தார் என்று கேட்டுப் பார்த்தால், குறுஞ்செபத்தின் வரலாறே வேறு முகம் காட்டுகிறது. ஞானத்தின் உச்சியைத் தொட்டவர்களுக்கான பயிற்சியாக அது பிறக்கவில்லை. ஜெபிக்க முடியாமல் தரையில் கிடந்த ஒரு முதியவருக்கான விடையாகப் பிறந்தது. இக்கட்டுரை அந்த விடையின் தடத்தைப் பின்தொடர்கிறது.

காசியானுக்கு முன்னால்

சொல் இல்லாத ஜெபத்தை வேதாகமம் முதலில் காட்டுவது ஒரு பெண்ணிடத்தில். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய, குரல் எழாமல் வேண்டிக்கொண்டாள். குரு ஏலிக்கு அது ஜெபமாகவே தெரியவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினார். பின்னாளில் யூத ரபிகள் எப்படி ஜெபிக்க வேண்டும் என்பதற்கு விதி வகுத்தபோது இந்தப் பெண்ணையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். உதடு அசைய வேண்டும், குரல் வெளியே கேட்கக் கூடாது என்பதை அன்னாளிடமிருந்தே கற்றோம் என்கிறது தால்மூது. குரு அடையாளம் காணத் தவறிய ஜெபம் வழிபாட்டு இலக்கணமாயிற்று.

இரண்டாவது சான்று பவுல். சுமார் 57ஆம் ஆண்டில் ரோமச் சபைக்கு எழுதிய மடலின் எட்டாம் அதிகாரத்தில் மூன்று பெருமூச்சுகளைப் பற்றிப் பேசுகிறார். படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் பெருமூச்சு விடுகிறது. நாமும் நமக்குள்ளே பெருமூச்சு விடுகிறோம். எதைக் கேட்க வேண்டுமென்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவரே பெருமூச்சோடு நமக்காகப் பரிந்து பேசுகிறார். இந்த மூன்றாம் பெருமூச்சுக்குப் பவுல் தரும் அடைமொழி ‘அலாலேத்தோஸ்’. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல். ‘சொல்லப்படாத’ என்றும் ‘சொல்ல இயலாத’ என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. இது அந்நிய பாஷையில் எழும் குரலைக் குறிக்கிறது என்று 20ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் கேசமான் வாதிட்டார். நான்காம் நூற்றாண்டிலேயே யோவான் கிறிசோஸ்தோம், தொடக்கச் சபையில் சபையாருக்காக நின்று பெருமூச்செறிந்து மன்றாடும் தனி வரம் பெற்றவர்களை இது குறிப்பதாகக் கருதினார். என் வாசிப்பில் இரண்டும் அந்த அதிகாரத்தின் ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை. முதல் இரண்டு பெருமூச்சுகளும் எந்த வரத்தையும் சார்ந்தவை அல்ல, வலியிலிருந்து எழுபவை. மூன்றாவதும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு ஒரு பழைய வீடு உண்டு. யாத்திராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேலரின் முறையிடுதலைக் கடவுள் கேட்டார் என்னுமிடத்தில் அதே ‘ஸ்தேனக்மோஸ்’ இருக்கிறது. அந்த மக்கள் கடவுளை நோக்கிப் பேசினார்கள் என்று அங்கே எழுதவில்லை. வேலையின் கொடுமையால் முனகினார்கள். அந்த முனகல் மேலே போய்ச் சேர்ந்தது.

இங்கே தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் ஒரு வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வேதாகமங்கள் இந்த இடத்தில் ‘பெருமூச்சு’ என்கின்றன. பரிசுத்த ‘ஆவி’ என்கின்றன. ஆவி என்றால் நமக்கு மூச்சு, உயிர், கொதிக்கும் நீரிலிருந்து எழும் புகை எல்லாம்தான். கிரேக்க ‘ப்நியூமா’வுக்கும் மூச்சு, காற்று என்ற பொருள்கள் உண்டு. ஆவி பெருமூச்சு விடுகிறது என்று தமிழில் வாசிக்கும்போது மூச்சே மூச்சாக வெளிப்படுவது காதில் விழுகிறது. பல மொழிபெயர்ப்புகளில் தொலைந்துபோகும் உறவு இது.

சொல் வராதவர்களுக்கு ஆதித் திருச்சபை வேறொரு வழியையும் வைத்திருந்தது: இரவல் சொல். 150 சங்கீதங்களில் புலம்பல்களே மிகப் பெரிய வகை. எண்பத்தெட்டாம் சங்கீதம் எந்த நம்பிக்கையும் சொல்லாமல், எபிரேய மூலத்தில் ‘இருள்’ என்ற சொல்லோடு முடிகிறது. அப்படியொரு பாட்டைத் தொகுப்பிலிருந்து நீக்காமல் விட்டார்களே என்று நான் பலமுறை நன்றியோடு நினைத்ததுண்டு. மாற்கும் மத்தேயுவும் எழுதியபடி, சிலுவையில் இயேசுவே தம் சொல்லாகப் பேசவில்லை. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதலடியைக் கையிலெடுத்தார். அதற்கு முந்தைய இரவு கெத்செமனேயிலும் மூன்று முறை அதே சொற்களையே சொல்லி ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. நோய்க்குப் பின் சங்கீதங்களை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்த மார்செல்லினுஸ் என்பவருக்கு அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் எழுதிய மடல் இந்த வழக்கத்துக்குக் கோட்பாடு தருகிறது. மற்ற நூல்களை வாசிப்பவர் பிறருடைய சொல்லை வாசிக்கிறார். சங்கீதத்தை வாசிப்பவருக்கோ அது தன்னுடைய சொல்லாகவே ஆகிவிடுகிறது. அது ஆன்மாவுக்குக் கண்ணாடி என்பது அவர் கருத்து.

பாலைவனம் செய்த காரியம் இந்த இரண்டையும் ஒன்றாக்கியது. இரவல் சொல்லைச் சுருக்கிச் சுருக்கிப் பெருமூச்சின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேத்திஸின் முதல் மூப்பரான மக்காரியுவிடம் எப்படி ஜெபிப்பது என்று கேட்டபோது, நீளமாகப் பேச வேண்டியதில்லை, கையை விரித்து இரக்கம் கேட்டால் போதும், போராட்டம் கடுமையானால் உதவி என்று மட்டும் சொல்லலாம், நமக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்ற கருத்தில் விடை சொன்னதாக மூப்பர் மொழித் தொகுப்பு கூறுகிறது. 399இலேயே மறைந்த எவாகிரியுஸ், மனத்தைத் தாக்கும் எட்டு வகைத் தீய எண்ணங்களுக்கும் பதிலாகச் சொல்ல வேத வசனங்களை எட்டுப் பகுதிகளாகத் திரட்டினார். கிட்டத்தட்ட ஒரு மருந்துப் பெட்டி. காசியான் அணுகிய மூப்பரோ அந்தப் பெட்டியில் ஒரே ஒரு மருந்தை மட்டும் வைத்தார்.

ஒரே அடி

செராபியோனின் கதறலைக் கண்டு கலங்கிய காசியானும் ஜெர்மானுஸும் ஈசாக்கு என்ற மூப்பரிடம் போகிறார்கள். எப்படி இவ்வளவு பெரியவர் விழுந்தார் என்று கேட்கிறார்கள். அத்தோடு நிற்கவில்லை. உருவமும் கூடாது என்றால் மனம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எங்கள் மனமும் அலைகிறதே என்று ஜெர்மானுஸ் கேட்கிறார். செராபியோன் தரையில் விழுந்து கேட்ட அதே கேள்வி. ஈசாக்கு தரும் விடை எழுபதாம் சங்கீதத்தின் முதலடி (கிரேக்க, லத்தீன் எண்ணிக்கையில் 69). தனக்குத் துணை செய்ய வரும்படியும் விரைந்து வரும்படியும் கடவுளிடம் கேட்கும் சிறிய அடி.

அடுத்து ஈசாக்கு சொல்லும் பட்டியலைத்தான் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் நான் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறேன். உணவாசை வந்தால் இதைச் சொல். நோன்பிருக்க ஆசைப்பட்டு உடல் தளர்ந்துவிடுமோ என்று அஞ்சினால் இதைச் சொல். வாசிக்க உட்கார்ந்தால் தலைவலிக்கிறதா, புத்தகத்தின் மேலேயே தூக்கம் வந்து முகம் கவிழ்கிறதா, இரவில் தூக்கமே வரவில்லையா, கோபம் பொங்குகிறதா, மனம் வறண்டு ஒரு நல்ல எண்ணமும் பிறக்கவில்லையா, இதையே சொல். மகிழ்ச்சியிலும் சொல்லலாம், அப்போது கர்வம் வராது. இது ஒரு சாதாரண நாளின் சிறு தோல்விகளின் பட்டியல். ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சொல் தேடும் சிரமத்திலிருந்து மனிதனை விடுவிக்கிறார் மூப்பர். இந்த அடியைப் பற்றிக்கொள்பவர் மற்ற எண்ணங்களின் செல்வத்தையெல்லாம் துறந்து ஏழையாகிறார், ஆவியில் ஏழைகள் என்று இயேசு சொன்னது இவரையும் குறிக்கும் என்பது அவர் விளக்கம். சொல் இல்லாமையை ஒரு வறுமையாகக் கண்டு, அந்த வறுமைக்கே பேறு உண்டு என்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது எட்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். கதறி அழுத முதியவர் அவர் மனத்தில் இருந்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டுமா?

காசியான் தன் நூலை எழுதுவதற்கு முன்பே இந்தப் பழக்கம் பற்றிய செய்தி கடல் கடந்து ஹிப்போவுக்கு எட்டியிருந்தது. 410இல் ரோம் சூறையாடப்பட்டபின் வட ஆப்பிரிக்காவுக்கு அடைக்கலம் தேடி வந்தவர்களில் புரோபா என்ற விதவையும் ஒருவர். ரோமின் மிகச் செல்வமான குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாது என்று பவுலே சொல்லியிருக்க, நான் எப்படி ஜெபிப்பது என்று ஆயர் அகுஸ்தினாருக்கு எழுதிக் கேட்டார். சுமார் 412இல் அகுஸ்தினார் எழுதிய நீண்ட பதில் அவருடைய மடல் தொகுப்பில் 130ஆவது. எகிப்துத் துறவிகள் அடிக்கடியும் மிகச் சுருக்கமாகவும், எறியப்பட்ட ஈட்டிபோல் விரையும் ஜெபங்களைச் சொல்வதாகக் கேள்விப்படுகிறோம் என்று அதில் குறிப்பிடுகிறார். ஜெபம் நீள்வதால் மனத்தின் கவனம் மங்கிவிடக் கூடாது என்பதே அவர் காணும் காரணம். நீண்ட நேரம் ஜெபிப்பது வேறு, நிறையப் பேசுவது வேறு என்று பிரிக்கிறார். இந்தக் காரியம் பேச்சைவிடப் பெருமூச்சாலும், வார்த்தையைவிடக் கண்ணீராலும்தான் அதிகம் நடக்கிறது என்கிறார். எதைக் கேட்பது என்று தெரியாத அந்த நிலைக்கு அவர் வைக்கும் பெயர் ‘கற்ற அறியாமை’. நாடும் வீடும் இழந்த ஒரு பெண்ணுக்கு, உனக்குத் தெரியாததே ஜெபத்தின் தொடக்கம் என்று எழுதியது எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஈட்டி உவமைக்கு லத்தீனில் ‘யாகுலாத்தா’ என்ற சொல். எறிவது என்ற வினையிலிருந்து வந்தது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபநூல்களில் இப்படிப்பட்ட ஒற்றை வரிச் செபங்களுக்கு ‘மனவல்லயச் செபம்’ என்று பெயர். வல்லயம் என்றால் எறியும் ஈட்டி. ஊர்க் காவல் தெய்வங்களின் கையில் நிற்கும் ஆயுதம். மனத்திலிருந்து எறியும் வல்லயம் மனவல்லயம். பாலைவனத்துத் துறவியைப் பற்றி ஆப்பிரிக்க ஆயர் சொன்ன உவமை, யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணத்தில், நம் ஊர் ஆயுதத்தின் பெயரோடு இன்றும் செபமாலை சொல்லும் பாட்டிமார் வாயில் இருக்கிறது. இந்தச் சொல்லின் பொருள் தெரியாமலேயே பலர் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

அடுக்களை வரை

காசியானின் அடி பாலைவனத்தோடு நின்றிருந்தால் இன்று அதை ஆய்வாளர்கள் மட்டுமே அறிந்திருப்பார்கள். அதை ஊரெங்கும் கொண்டுபோனவர் ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கரின் ஆசீர்வாதப்பர். 73 அதிகாரங்கள் கொண்ட அவருடைய ஒழுங்கு நூலின் கடைசி அதிகாரம், மேலும் படிக்க விரும்புவோருக்கு மூப்பர்களின் உரையாடல்களைப் பரிந்துரைக்கிறது. பகல்நேர வழிபாடுகள் அந்தச் சங்கீத அடியோடு தொடங்க வேண்டும் என்று பதினெட்டாம் அதிகாரம் வகுத்தது. இன்றுவரை கத்தோலிக்கத் திருச்சபையின் நேரச் செபங்கள் அதைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. இருபதாம் அதிகாரம் ஜெபம் சுருக்கமாகவும் தூயதாகவும் இருக்கட்டும் என்கிறது. ஐம்பத்திரண்டாம் அதிகாரம் தனியே ஜெபிக்க வருபவர் உரத்த குரலில் அல்லாமல் கண்ணீரோடும் உள்ளத்தின் நாட்டத்தோடும் ஜெபிக்கட்டும் என்கிறது.

என் மனம் தங்குவது முப்பத்தைந்தாம் அதிகாரத்தில். மடத்துச் சமையலறையில் துறவிகள் முறைவைத்து வாரம் ஒருவராக வேலை பார்க்க வேண்டும். புதிதாக முறை ஏற்பவர் ஞாயிறு காலை எல்லோர் முன்னும் வந்து நின்று, இதே அடியை மூன்று முறை சொல்ல வேண்டும். மற்றவர்களும் மூன்று முறை சொல்வார்கள். பிறகு அடுப்பங்கரைக்குப் போகலாம். செராபியோனுக்குக் கடவுளையே இழந்ததாகத் தோன்றிய நேரத்தின் சொல், பானை கழுவப் போகிறவரின் சொல்லாகவும் ஆயிற்று.

கிழக்குத் திருச்சபைகளில் இதே ஓட்டம் இயேசுவின் பெயரைச் சுற்றித் திரண்டது. ஐந்தாம் நூற்றாண்டில் போத்திக்கியின் தியாதோக்குஸ் அந்தப் பெயரை இடைவிடாமல் நினைப்பதைக் கற்பித்தார். சீனாய் மலையின் யோவான் கிளிமாக்குஸ் ஜெபத்தில் சொல்லை அடுக்காதே, குழந்தையின் மழலையே தந்தையை இளக்கும் என்ற பொருளில் எழுதினார். 1782இல் வெனிசில் அச்சான ‘பிலோகாலியா’ தொகுப்பு வழியாக ரஷ்ய விவசாயிகள்வரை அது போய்ச் சேர்ந்தது. அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

மேற்கில், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் சொல்லாத ஓர் ஆங்கிலேயர் எழுதிய ‘அறியாமை மேகம்’ சுருக்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. ஓரசைச் சொல் ஒன்றே போதும் என்கிறது அந்நூல். காரணம் கேட்டால் 37ஆம் அதிகாரம் ஒரு காட்சியைக் காட்டுகிறது: வீட்டில் தீப்பற்றினால் அல்லது மரணம் வந்து நின்றால், ஒருவன் வாக்கியம் அமைத்துக்கொண்டிருப்பதில்லை, ஒரு சின்னச் சொல்லைக் கத்துகிறான், ஊரே எழுந்து ஓடிவருகிறது. அப்படியிருக்க வானம் ஏன் திறக்காது? ஆழ்ந்த தியானத்தின் நூல் என்று போற்றப்படும் ஒன்று, தன் முறையை ஆபத்தில் அலறுகிறவனிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியிலும் செராபியோனின் கதறல் மறக்கப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சீர்திருத்த காலத்தில் இரவல் சொல்லும் பெருமூச்சும் எதிரெதிர் அணிகளில் நின்றன. லூத்தர் இரண்டையும் விடாமல் வைத்திருந்தார். 1535இல் தன் நாவிதர் பீட்டருக்காக எழுதிய சிறு நூலில், மனம் குளிர்ந்து ஜெபிக்க விருப்பமற்றுப் போகும்போது தன் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ கோவிலுக்கோ போய்விடுவதாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் இங்கிலாந்தில் 1549 முதல் பொது ஜெபப் புத்தகம் எல்லோர் வாயிலும் ஒரே சொல்லை வைத்தது. அதை ஏற்காமல் அரசின் அனுமதியின்றிப் பிரசங்கித்த பாத்திரம் பற்றவைக்கும் தொழிலாளி ஜான் பன்யன் 1660இல் பெட்ஃபோர்ட் சிறைக்குப் போனார். சிறையிலிருந்தபடி ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில் ரோமர் எட்டாம் அதிகாரத்தையும் ஆதாரமாக வைத்தார். மிகச் சிறந்த ஜெபங்களில் சொல்லைவிடப் பெருமூச்சே கூடுதலாக இருக்கும், எழுதிவைத்த வாசகத்தால் அதைத் தர முடியாது என்பது அவர் வாதம். அவர் பட்ட துன்பத்தை நினைத்தால் எதிர்த்துப் பேச நா எழவில்லை. ஆயினும் துக்க வீட்டில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க, சுற்றியிருப்பவர்கள் செபமாலை சொல்ல, பத்தாவது மணியிலோ இருபதாவது மணியிலோ அவள் உதடு தானாகச் சேர்ந்துகொள்வதைக் கண்டவர்கள், எழுதிவைத்த சொல்லைப் பன்யன் அளவுக்குத் தள்ளிவிட மாட்டார்கள்.

மலாயாவின் வழியாகத் திரும்பிய சொல்

இந்த வரலாற்றின் அண்மைக் கட்டம் கோலாலம்பூரில் தொடங்குகிறது. 1950களின் நடுவில் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுப் பணியில் மலாயாவுக்கு வந்த ஜான் மெயின் என்ற கத்தோலிக்க இளைஞர், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திவந்த சுவாமி சத்தியானந்தரை அலுவலாகச் சந்திக்கப் போனார். அலுவல் முடிந்தபின் பேச்சு ஜெபத்தை நோக்கித் திரும்பியது. சுவாமி எப்படித் தியானிக்கிறார் என்று கேட்ட மெயினுக்கு, ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு உள்ளத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும் முறை கிடைத்தது. நீர் கிறிஸ்தவர், கிறிஸ்தவச் சொல்லையே எடுத்துக்கொள்ளும் என்றும் சுவாமி சொன்னார். மெயின் வாரந்தோறும் போய் அவரோடு அமர்ந்தார்.

பின்பு லண்டனில் பெனடிக்ட் சபைத் துறவியாகச் சேர்ந்தபோது, இது கிறிஸ்தவ முறையல்ல, விட்டுவிடும் என்றார்கள். கீழ்ப்படிந்து விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, வாஷிங்டனில் ஒரு பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது காசியானின் பத்தாம் உரையாடலை மறுபடி வாசித்தார். மலாயாவில் கேட்டது அங்கே எழுதியிருந்தது. தன் சபையின் நிறுவனரே பரிந்துரைத்த நூல் அது. தன் சபை நாள்தோறும் பலமுறை சொல்லும் அடி அது. 1975இல் லண்டனில் சிறு தியானக் குழுவைத் தொடங்கினார், 1982இல் மறைந்தார். அவர் கற்பித்த சொல் ‘மாரநாதா’, முதல் கொரிந்தியர் மடலின் முடிவில் பவுல் அரமேயத்திலேயே விட்டுவைத்த நான்கு அசைகள். ஆண்டவரே வாரும் என்பது பொருள். ஈசாக்கின் அடி கேட்பதும் அதையேதான். 1991இல் அவர் நினைவாக நடந்த கருத்தரங்கில் உரையாற்ற, குளித்தலை அருகே காவிரிக்கரையிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அமெரிக்கா சென்றார். அந்தக் கூட்டத்தில்தான் உலகக் கிறிஸ்தவத் தியானச் சமூகம் உருவாயிற்று.

இந்த மறுமலர்ச்சியை இரு மதங்களின் கலப்பு என்று சிலர் அஞ்சினார்கள், சிலர் கொண்டாடினார்கள். சான்றுகளை வைத்துப் பார்த்தால், தன் வீட்டுப் பரணில் இருந்த பொருளைப் பக்கத்து வீட்டுக்காரர் கை காட்டிக் கொடுத்த கதையாகவே எனக்குப் படுகிறது. கை காட்டியவருக்கு நன்றி சொல்வதில் குறையொன்றும் இல்லை. ஒன்று மட்டும் கவலை தருகிறது. மன அமைதி, மன ஒருமை என்ற பெயரில் இன்று இந்த ஜெபத்தைக் கற்பிக்கும் நூல்கள் பல, பத்தாம் உரையாடலின் முதற்பகுதியைத் தவிர்த்துவிட்டு ஈசாக்கின் விடையிலிருந்தே தொடங்குகின்றன. அப்போது அது திறமையாகப் பழக வேண்டிய ஒரு பயிற்சியாகிவிடுகிறது. சரியாகச் செய்ய முடியாதவர் மறுபடியும் தோற்றவராகிறார்.

செராபியோன் அதன்பின் என்ன ஆனார் என்று காசியான் சொல்லவில்லை. ஈசாக்கின் அடியை அவரிடம் யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்பதும் உரையாடலில் இல்லை. நாம் அவரைக் கடைசியாகப் பார்க்கும்போது மற்றவர்கள் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் தரையில் கிடந்து அழுகிறார். அந்த அழுகையைப் பிழையின் விளைவாகவே மூப்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். புரோபாவுக்கு அகுஸ்தினார் எழுதிய மடலைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவருக்கு, அந்த அறையில் நின்றவர்களைப் போலவே விழுந்து கிடந்தவரும் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.